மொரிசியஸ் கவுண்டரில் எங்கம்மாவின் கை

முந்தாநாள் மொரிசியஸ் ஏர்போர்ட் கவுண்டரில் எங்கம்மாவுக்கு ரேகை விழவில்லை!

(ஆமாம், நாங்கள்தான். பழவேற்காட்டிலிருந்து அம்மாவும் நானும். ஐந்து நாள் டூர், அங்கே ஒரு எரிமலையைப் பார்க்க எனக்கு ஆசை. வயிறு எரிகிறவர்கள் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மேலே படிக்கவும்.)

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அம்மா ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவள். வலை கிடையாது, படகு கிடையாது. முட்டளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் தடவித் தடவிப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பறி என்கிற ஓலைக் கூடையில் போடுவாள்.

முப்பது வருடம் சேற்றைத் தடவினால் விரலில் ரேகை எங்கே இருக்கும்?

அதனால் எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரேஷன் வாங்கப் போவதற்கு முன் இரண்டு நாள் ஏரியில் இறங்கமாட்டார்கள். கை காய்ந்தால் ரேகை கொஞ்சம் எழும்பும், மிஷினும் ஒத்துக்கொள்ளும். பாஸ்போர்ட்டுக்காக அம்மாவைப் பத்து நாள் கரையிலேயே உட்கார வைத்தேன். (அந்தப் பத்து நாளும் நான் வாங்கிய திட்டு இருக்கிறதே, அப்பப்பா!)

டூருக்கும் அதே ஏற்பாடுதான். ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அம்மாவைக் காணோம்!

மத்தியானம் பறி நிறைய இறாலோடு வருகிறாள்.

"இன்னாம்மா இது? கைய நனைக்காதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்!"

"முகத்துவாரம் தொறந்துகிச்சு, கடல்லேந்து ஏரிக்குள்ள எறா ஏறுது. வுட்டுட்டு வரச் சொல்றியா? உன் எரிமலை எங்கியும் ஓடிடாது."

எரிமலை ஓடவில்லை. ரேகைதான் ஓடிவிட்டது.

கவுண்டரில் இருந்த அதிகாரி மிஷின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். அம்மா ரேஷன் கடைப் பழக்கத்தில் விரலைத் தலையில் தேய்த்து எண்ணெய் ஏற்றிக்கொண்டு வைத்தாள். நான்கு முறை. ம்ஹூம்.

"அம்மா என்ன வேலை செய்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இங்கேதான் நான் ஒரு கேவலமான காரியம் செய்தேன்.

"ஹவுஸ்வைஃப்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நான் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள். சுற்றிலும் தொப்பியும் கூலிங்கிளாஸுமாக டூரிஸ்டுகள். வெட்கம். வேறொன்றும் இல்லை.

அவர் அம்மாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். இறால் கொம்பு குத்திய தழும்புகள், வெடித்த நகம். குரல் மாறிவிட்டது. "வீட்டில் இருப்பவரின் கை இப்படி இருக்காதே. இங்கே வேலை தேடி வந்திருக்கிறாரா?"

டூரிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு வேலைக்கு வந்ததாக நினைத்துவிட்டால் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அம்மா என் முழங்கையை இடித்தாள். "இன்னா சொல்றாரு?"

சொன்னேன். மறைக்கத் தெம்பு இல்லை.

"நீ இன்னா சொன்ன?"

"ஹவுஸ்வைஃப்னு..."

"யாருடி ஹவுஸ்வைஃபு? இந்தக் கையால எறா புடிச்சிதான உன்ன காலேஜிக்கு அனுப்பினேன்! எறா புடிக்கிறேன்னு சொல்லு. வேலை தேடி வர்ல, வேலை எனக்கு ஊர்ல ரொம்பிக் கெடக்குதுன்னு சொல்லு. வேலை செய்றவளுக்குத்தான் லீவு வோணும். வேலையே செய்யாதவனுக்கு லீவு இன்னாத்துக்கு? கேளு அவர!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அம்மா இரண்டு கையையும் விரித்து அவர் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏரி, பறி, லீவு, ஒன்றையும் விடவில்லை. ரிட்டர்ன் டிக்கெட்டையும் ஹோட்டல் பேப்பரையும் எடுத்து வைத்தேன்.

அவர் யாருக்கோ போன் செய்தார். இரண்டு நிமிடம் பேசினார். பிறகு போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு சீல் குத்தினார். "லீவை நன்றாக அனுபவிக்கச் சொல்லுங்கள்" என்றார்.

நேற்று எரிமலை பார்த்தோம். எப்போதோ அணைந்துபோனது. பெரிய பள்ளம், உள்ளே முழுக்க மரம், அடியில் கொஞ்சம் தண்ணீர். "இதுக்கா அவ்ளோ பில்டப்பு?" என்றாள் அம்மா. (மொரிசியஸ் மக்களே, மன்னித்துவிடுங்கள்!)

இன்று காலை ஹோட்டல் கடற்கரை. அலையே இல்லாத தண்ணீரில் அம்மா போய் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரமாக எழுந்திருக்கவில்லை. காவலுக்கு இருந்தவர் பதறிப்போய் என்னிடம் ஓடிவந்தார்.

"அந்த அம்மா தண்ணீரில் எதையாவது தொலைத்துவிட்டார்களா? நானும் தேடட்டுமா?"

கரையிலிருந்தே கத்தி அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா இரண்டு கையையும் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"ஒண்ணும் தேடலன்னு சொல்லு! சும்மா குந்திக்கினு கீறேன்!"

அப்படியே சொன்னேன்.