ஆடு குடிக்காத கிணற்றில் ஒரு வியாபாரம்

நீர்த்தாவரம் வளர்த்து விற்கிறவர்களுக்கு இரண்டு தொல்லைகள்: நத்தை, சொந்தக்காரர். நத்தையைப் பொறுக்கி எறிந்துவிடலாம். வீட்டில் எதையாவது வளர்த்து விற்றுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மற்றவர்கள் இந்தச் சுகத்தை அறியாமலே இருக்கட்டும்.

நல்ல தண்ணீர்

நான் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவொன்றில், கரம்பொனில் இருப்பவள். வாசிகசாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, கனடாவிலிருந்து தம்பி அனுப்பும் காசை நம்பிச் சீவிக்க மனமில்லாமல், மீன்தொட்டிகளில் வைக்கும் செடிகளை வளர்க்கத் தொடங்கினேன். பழுதான பிறிச்சின், அதாவது குளிர்சாதனப் பெட்டியின், கதவைக் கழற்றி, வீட்டு வளவில் மல்லாக்கப் படுத்தித் தண்ணீர் விட்டால் அருமையான தொட்டி. இந்த முறை எந்தப் புத்தகத்திலும் இல்லை. புத்தகம் எழுதியவர்களின் வீட்டுப் பெட்டிகள் பழுதாகியிருக்காது.

சிக்கல் தண்ணீரில் வந்தது. எங்கள் வளவு நல்ல தண்ணீர்க் கிணறு எனக்கும் பக்கத்து வளவுக் கதிரண்ணைக்கும் பொது. கதிரண்ணை என் சித்தப்பாவின் மகன். செடிகளைப் பார்த்துவிட்டு, பங்குத் தண்ணீர் குடிக்க, சமைக்க, குளிக்க மட்டும் என்று சட்டம் போட்டார். காணி உறுதியில் கிணற்றுப் பங்கு என்றுதான் இருக்கிறது, அள்ளிய தண்ணீரை என்ன செய்வது என்று எந்த நொத்தாரிசும் எழுதவில்லை என்று வாதாடினேன். அவர் வேலியைப் பார்த்தபடி சொன்னார்: "சனம் குடிக்கத் தண்ணியில்லாமல் பவுசர் லொறியைப் பாத்துக்கொண்டு நிக்குது. நீர் பாசிக்குக் குளிக்க வாக்கிறீர்."

மற்றத் தண்ணீர்

அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான். ஆனால் தொட்டி வற்றினால் செடி போகும். செடி போனால் மாதாமாதம் தம்பியின் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு நான் தயாரில்லை.

பின்வேலியோரம் இன்னொரு கிணறு கிடந்தது. உப்பேறிய சவர்த் தண்ணீர். ஓலையும் குப்பையும் போடத்தான் ஆட்கள் அந்தப் பக்கம் போவார்கள். நாடா போல நீண்ட இலையுள்ள வலிஸ்னேரியா சற்று உப்பையும் தாங்கும் என்று வாசித்திருந்தேன். வாசித்ததை நம்பி எல்லாத் தொட்டிகளையும் சவருக்கு மாற்றினேன். மெல்லிய இலைச் செடிகள் ஒரு கிழமைக்குள் கரைந்து போயின. வலிஸ்னேரியாவும் பழைய இலைகளை உதிர்த்து என்னைப் பயமுறுத்திவிட்டு, பிறகு தொட்டி முழுக்கக் கொடியோடிக் கன்று வைத்தது. கதிரண்ணையின் மனைவி, என் மச்சாள், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்: "ஆடும் மோந்துபோட்டு விட்டிட்டுப் போற தண்ணி, உமக்கு மட்டும் தீர்த்தமோ?"

பஸ்ஸில்

முதல் அறுவடையை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். பக்கத்து இருக்கையில் இருந்த ஓர் அம்மா சாக்கைத் திறந்து பார்த்தார். நானும் விடவில்லை. இதன் ஆண்பூ காம்பறுந்து மேலே வரும், நீரில் மிதந்து பெண்பூவிடம் போய்ச் சேரும் என்று விளக்கினேன். வேலணையிலிருந்து அல்லைப்பிட்டி வரை மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஓர் இலையைக் கிள்ளி மணந்தார்: "அதெல்லாம் சரி தங்கச்சி, இது தேங்காய்ப்பூ போட்டு வறைக்கோ, பால் விட்டுச் சொதிக்கோ?"

ஒளித்தொகுப்பு

சவரில் பிழைத்த மற்றது ஐதரில்லா. பிரகாசமான வெயிலில் அதன் தண்டிலிருந்து ஒட்சிசன் குமிழி வரும். விஞ்ஞானப் புத்தகத்தில் படம் போட்டிருக்கும். வெயிலில் இலை உணவு செய்வதைக் காட்டும் அந்த ஒளித்தொகுப்புப் பரிசோதனைக்காக ஓர் இளம் ஆசிரியர் சைக்கிளில் வந்தார். இலவசமாகத்தான் வேண்டுமாம். இலவசக் கல்வி அரசாங்கத்தின் பொறுப்பு, நான் அரசாங்கம் இல்லை என்றேன். அவர் மனம் தளரவில்லை: "பிள்ளையள் குமிழியை எண்ணி முடிச்ச உடனை திருப்பிக் கொண்டந்து தாறன் அக்கா. ஒரு இலையும் குறையாது."

சிங்கப்பூர்

யாழ்ப்பாணத்தில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் என் செடிகளை விடாமல் வாங்கினார். தெற்கிலிருந்து வரும் செடிகள் நமது சுண்ணாம்புக் கல்லுத் தண்ணீரில் அழுகுகின்றன, சவரில் வளர்ந்தவை எதற்கும் அசையவில்லை என்றார். எனக்குப் பெருமைதான், என் செடிகளுக்கு மேல் "சிங்கப்பூர்" என்று எழுதி ஒட்டியிருந்ததைக் காணும்வரை. அதைக் கிழித்துவிட்டு, "கரம்பொன்" என்று என் கையாலேயே பெரிதாக எழுதி ஒட்டினேன்; இல்லாவிட்டால் சரக்கு இல்லை என்றேன். அவர் பசைப் போத்தலை மூடியபடி பெருமூச்சு விட்டார்: "எழுதுங்கோ அக்கா. ஆனா ஆரும் கேட்டா, அது சிங்கப்பூரிலை ஒரு இடம் எண்டுதான் சொல்லுவன்."

பங்கு

கடைக்காரரின் வான் என் படலை வாசலில் வந்து நிற்கத் தொடங்கியதும் கதிரண்ணை ஒரு நாள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேத்தண்ணீர் குடித்து முடித்துவிட்டு, சவர்க் கிணறும் பாட்டனார் காலத்திலிருந்தே பொது என்றார். இத்தனை வருடத்தில் அதை உரிமை கொண்டாடிய முதல் மனிதர் அவர்தான்.

நான் மறுக்கவில்லை. பங்கு இருக்கிறது, இரண்டு கிணற்றிலும் ஒரே சட்டம் என்றேன். அள்ளியவர் தன் தண்ணீரில் எதையும் வளர்ப்பார், கேள்வியில்லை. அதோடு, கோடையில் கிணறு இறைத்துச் சேறு வாருவது பங்காளிகளின் கடமை, அது பல காலமாக நடக்கவில்லை என்றும் நினைவூட்டினேன். முதலாவதற்குத் தலையாட்டினார். இரண்டாவதோடு ஆளைக் காணக் கிடைக்காது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஏணியும் வாளியுமாக வந்தார். மோட்டர் போட்டு இறைத்தோம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நானும் மச்சாளும் மேலே நின்று சேற்றையும் மக்கிய ஓலையையும் ஒரு சைக்கிள் றிம்மையும் இழுத்து எடுத்தோம். மத்தியானம் கல்லிடுக்கில் ஊற்றுத் திறந்து தண்ணீர் அவர் முழங்காலுக்கு ஏறியது. பிறகு கீழிருந்து குரல் மட்டும் வந்தது: "தங்கச்சி, என்னட்டையும் ரெண்டு பழைய பிறிச் கிடக்குது. இந்தத் தண்ணி எங்கள் எல்லாருக்கும் காணுமோ?"

தீவில் ஒரு தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று நிரூபிக்க அதை யாரும் குடித்துக் காட்ட வேண்டியதில்லை, ஒரு பங்காளி இறங்கினால் போதும்.