கயிற்றுக்குள் வந்த விருந்தாளி

நாற்பத்தொரு பிள்ளைகள். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் பிற்பாடு வாய் திறந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே ஒரு விருந்தாளியைப் பற்றித்தான் பேசினார்கள்.

தோர்சிலா அவுவோர் ஹோமா பே என்கிற ஏரிக்கரை ஊர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி விடுதியில் மேட்ரனாக இருந்தவள். முழங்கால் மக்கர் செய்ததும் வேலையை விட்டாள். ஊர் அவளை மேட்ரன் என்று கூப்பிடுவதை விடவில்லை. புருஷன் மொம்பாசாவுக்கு வேலை தேடிப் போனவன், அங்கேயே இன்னொரு வீடு கட்டிக்கொண்டான். அதைப் பற்றி யாராவது துக்கம் விசாரித்தால், "தொலைஞ்சது அவன்தான், நானில்ல" என்பாள். நாக்கில் வேப்பெண்ணெய் தடவியே பிறந்தவள். அவளை யாருக்கும் பிடிக்காது. பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பும்போது மட்டும், "மேட்ரன் போறாங்கல்ல?" என்று எல்லோரும் கேட்பார்கள்.

சபைப் பிள்ளைகளின் முகாம் ஆகஸ்ட் விடுமுறையில், ஏரிக்கரைப் பொதுத் திடலில் நடக்கும். வேலி கிடையாது. ஒரு பக்கம் ஆட்டை வெட்டிச் சுடும் குடும்பங்கள், இன்னொரு பக்கம் காரில் பாட்டை அலறவிட்டு பீர் குடிக்கும் வாலிபர்கள், நடுவில் நம் கூடாரங்கள். எல்லோருக்கும் ஒரே குழாய், ஒரே கழிப்பறை வரிசை, ஒரே வாசல். காசு கட்டினவன் எவனும் உள்ளே வரலாம். அதுதான் பொதுத் திடல்.

தோர்சிலா போனதும் முதல் வேலையாக மரத்துக்கு மரம் கயிறு கட்டுவாள். கயிற்றுக்குள் நாம், வெளியே ஊர். குழாய்க்கோ கழிப்பறைக்கோ மூன்று பேராகத்தான் போக வேண்டும். இவை இரண்டையும் சபை பொறுத்துக்கொண்டது. மூன்றாவது விதிதான் எல்லோர் வயிற்றையும் எரித்தது. நம் பானைச் சோறு நமக்கு மட்டும். வெளியாள் யாரும் கயிற்றுக்குள் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது.

எங்கள் சனத்திடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சோளமாவைக் கொட்டி உகாலி கிண்டும் நேரத்தில் எதிரி வந்தாலும், "வா, கை கழுவு" என்றுதான் சொல்வோம். ஆள் வரும்போது பானையை மூடுவது அவனை நாய் என்று சொல்வதற்குச் சமம். ஒரு தரம் சாப்பிட்டுவிட்டால் அவன் வெளியாள் இல்லை. பிள்ளைகளுக்கு அங்கிள். அதற்கப்புறம் அவனை யார், எந்த ஊர் என்று துருவினால், அது நம் பானைக்கே அவமானம்.

இரண்டு வருடம் முன்பு ஒரு மாட்டுக்காரனை இந்த விதியைச் சொல்லி தோர்சிலா விரட்டியடித்தாள். அவன் பாஸ்டர் ஒகெல்லோவின் மச்சான். பிள்ளைகளுக்குப் பால் கொண்டுவந்தவன். "மேட்ரன் பாலையே கைது பண்ணிட்டாங்க" என்று சபை வருடம் முழுக்கச் சிரித்தது. அவளும் போய் மன்னிப்புக் கேட்டாள். விதியை மட்டும் எடுக்கவில்லை.

இந்த ஆகஸ்டில் ஜோசியா காரில் வந்தான். கயிற்றை ஒட்டி ஒரு சின்ன நீலக் கூடாரம் போட்டான். இஸ்திரி போட்ட சட்டை. பிள்ளைகள் ஞானப்பாட்டு பாடினால் வெளியே நின்று கூடவே பாடுவான், நல்ல குரல். சாயங்காலம் ஒரு கோர்வை மீனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"பாஸ்டரே, இப்பதான் ஏரில துள்ளினது. பிள்ளைங்க வயித்துல துள்ளட்டும்."

பாஸ்டர் சிரித்தபடி கயிற்றைத் தூக்கினார். தோர்சிலா அகப்பையோடு எழுந்தாள்.

"மீனை வாங்கிக்கங்க. ஆளை அங்கயே நிறுத்துங்க."

"என்ன மேட்ரன், பால்காரன் முடிஞ்சு இப்ப மீன்காரனா?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஜோசியா சிரிக்கவில்லை. "அம்மா சொல்றதுதான் சரி. பிள்ளைங்கன்னா காவல் வேணும்" என்று தலைகுனிந்தான். அப்புறம் யார் அவனை வெளியே நிறுத்துவது? பாஸ்டர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். தோர்சிலாதான் தட்டில் உகாலி வைத்தாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளைகள் அங்கிள், அங்கிள் என்று அவன் முதுகில் ஏறியிருந்தன.

மறுநாள் பொழுது சாய்கிற நேரம். எல்லாத் தட்டுக்கும் கை வந்தது, ஒரு தட்டுக்கு வரவில்லை.

"லினெட் எங்கடி?"

பதினோரு வயசுப் பெண் லினெட். அவளோடு குழாய்க்குப் போன தோழி, தண்ணீர்க் கேனை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அங்கிளோட போயிருக்கா மேட்ரன். நீர்யானை காட்டுறேன்னாரு. என்னைக் கேனைக் கொண்டுபோயி வச்சிட்டு வரச் சொன்னாரு."

"மூணு பேரா போகணும்னு சொன்னேனா இல்லையா?"

"மூணு பேராத்தான் போனோம். நான், லினெட், அங்கிள்."

அந்தப் பெண் மேல் தப்பில்லை. நாம்தான் அவனைக் கணக்கில் சேர்த்துக் கொடுத்தோம்.

நீர்யானை கிடக்கிற கோரைப்புல் ஒரு பக்கம். கார் உறுமுகிற சத்தமோ வாசல் பக்கம். தோர்சிலா அகப்பையைக் கீழே போடக்கூட மறந்து, விசிலை ஊதிக்கொண்டு, அந்த முழங்காலோடு ஓடினாள். வாசல் கதவு திறந்திருந்தது. ஜோசியாவின் காருக்கு முன்னால் போய் நின்று பானெட்டின் மேல் அகப்பையால் ஓங்கி அடித்தாள்.

"இறங்குடி லினெட்!"

"அம்மா, அம்மா, பதறாதீங்க. பிள்ளை சோடா கேட்டா. கடை வரைக்கும் போயிட்டு வந்துடறோம்."

லினெட்டின் மடியில் ஒரு சோடா பாட்டில் இருந்தது. மூடிகூடத் திறக்கவில்லை.

"அப்ப இது என்ன, மரத்துல காய்ச்சுதா?"

வாசல்காரன் ஓடிவந்தான். "மேட்ரன், உங்க ஆளுன்னுதான் திறந்துவிட்டேன். நேத்து உங்க பானையில சாப்பிட்டாரே!"

தோர்சிலா கதவைத் திறந்து பெண்ணை வெளியே இழுத்தாள். அதற்குள் திடலே கூடிவிட்டது, சிலர் கையில் கறியோடு. "என்ன கிழவி, புருஷன் ஓடிப்போறானா?" என்றான் ஒரு பீர் வாலிபன். நல்ல சிரிப்பு. பாஸ்டர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். வந்தவர் பெண்ணிடம் போகவில்லை. கார் சன்னலில் குனிந்து, "மன்னிச்சிடுங்க பிரதர், இவங்க சுபாவம் அப்படி" என்றார்.

"பரவால்ல பாஸ்டரே" என்று சொல்லிவிட்டு ஜோசியா போய்விட்டான்.

"நம்பரைப் பாருங்கடா! யாராவது நம்பரைப் பாருங்கடா!" தோர்சிலா கத்தினாள். அவள் கண்ணாடி அடுப்படியில் கிடந்தது. கண்ணு நன்றாய்த் தெரிகிறவர்கள் கறியைத் தின்னப் போனார்கள்.

நீலக் கூடாரத்துக்கு அவன் திரும்பி வரவில்லை. காலையில் தோர்சிலா பாஸ்டரைக் கூட்டிப்போய் அதைத் திறந்து காட்டினாள். பாய் இல்லை, போர்வை இல்லை, ஒரு டம்ளர்கூட இல்லை. அடியில் புல் நசுங்காமல் நின்றது.

"இந்தக் கொசுவுல போர்வை இல்லாம படுத்தவன் எவன் பாஸ்டரே?"

"கார்ல படுத்திருப்பாரு."

"அப்ப கூடாரம் எதுக்கு? நமக்குப் பக்கத்து வீட்டுக்காரன் ஆகவா?"

பாஸ்டர் கூடாரத்தைச் சுருட்டினார். "நல்ல துணி. அடுத்த முகாமுக்கு ஆகும்" என்றார். இது நடந்தது. நான் ஜோடிக்கவில்லை.

ஊருக்கு வந்ததும், போலீசுக்குப் போகலாம் என்று சொல்ல, தோர்சிலா லினெட்டின் அம்மா ரிஸ்பாவின் வீட்டுக்குத்தான் முதலில் போனாள். ரிஸ்பா கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, உங்க கால்ல விழறேன். என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல. போலீசுக்குப் போனா ஆயிடுச்சுன்னு ஊர் சொல்லும்."

"இங்க விட்டா அவன் இன்னொரு திடலுக்குப் போவான்டி. இன்னொரு பொண்ணு இருப்பா."

"அது என் பொண்ணு இல்லையே அக்கா."

இதைக் கொடுமை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் ஊர் எப்படிப் பேசும் என்று ரிஸ்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தோர்சிலா தனியாகப் போய்ச் சொன்னாள். தாய் வராமல் புகார் எழுத முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

அப்புறம் சபைக் கமிட்டி கூடியது. தகரக் கூரைக்கடியில் ஒன்பது பேர். தோர்சிலாவும் ஒரு உறுப்பினர், ரிஸ்பாவும் ஒரு உறுப்பினர். பேச எடுத்துக்கொண்டது பிள்ளையைக் கொண்டுபோகப் பார்த்தவனை அல்ல. விருந்தாளியைத் திடலில் நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியதைத்தான். தலைவர் மூப்பர் ஒண்டித்தி கைத்தடியைத் தரையில் தட்டினார்.

"எங்கப்பன் பட்டினியில செத்தான் மேட்ரன். செத்தான், ஆனா ஒரு நாளும் பானையை மூடினதில்ல. நீ எங்க பானையை மூடச் சொல்ற."

"உங்கப்பன் பானை அவன் வீட்டுக்குள்ள இருந்துச்சு மூப்பரே. வந்தவன் எந்த வீடு, யார் மகன்னு அவனுக்குத் தெரியும். அந்தத் திடல்ல எவனை உங்களுக்குத் தெரியும்? வீட்டு வழக்கத்தை மூட்டை கட்டி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோறீங்க. விருந்தாளிக்குச் சோறு போடுங்க, வேண்டாங்கல. கயித்துக்கு வெளிய குடுங்க. பிள்ளைங்க நடுவுல உக்கார வைக்காதீங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்."

"வாதாடாதே."

"நான் போயிடறேன், என்னை எடுத்துடுங்க. விதியை எடுக்காதீங்க."

அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கெஞ்சினாள். மூப்பர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் தன் செருப்பைப் பார்த்தார்.

"சரி. பானை விதி இருக்கணும்கிறவங்க கை தூக்குங்க."

தோர்சிலா கையைத் தூக்கிக்கொண்டு ரிஸ்பாவின் பக்கம் திரும்பினாள். ரிஸ்பா இரண்டு கையாலும் தலைத்துணியை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடிக்கிறவரைக்கும் மூப்பர் பொறுமையாகக் காத்திருந்தார். அப்புறம் எண்ணினார்.

ஒன்று.