கையெழுத்துப் போடாத கிளாட்வின்

கிளாட்வினுக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். எனக்கு நேர்மாறு. அதனால் 1976இல் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடிக் கடலுக்கடியில், எண்ணெய் இறக்க ஒரு கம்பெனி போட்ட இரும்புக் குழாய் உபயோகமில்லாமல் கிடந்தது. அதை அகற்றத் திட்டம் போட்ட காண்டிராக்டரிடம் நான் படம் வரைபவன், பெயர் தேவபிரசாதம். இன்ஜினியர் ஜெயசிங், கப்பல் போகிற பக்கம் மட்டும் எடுத்தால் போதும், மீதி மணலில் புதைந்துவிட்டது என்றார். கடலை எட்டிக்கூடப் பார்க்காமல் நானும் மீதிக்கு, புதைந்தது என்று காட்டப் புள்ளிக்கோடு போட்டுக் கொடுத்தேன். வெட்கங்கெட்ட வேலை.

மீதிக் குழாய் புதைந்திருப்பதை முங்கிப் பார்த்ததாக ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குச் சங்கு குளிக்கிற கிளாட்வினை வைத்திருந்தோம். இரண்டு நாள் முங்கிவிட்டு வந்தவன் பேனாவைத் தொடவில்லை.

“புதையல சார். பாதிக்கு மேல அந்தரத்துல நிக்கி. எங்க வலை பூரா அதுலதான் கிழியுது. சிக்குன வலைய எடுக்க முங்கித்தான் எம் மச்சினன் செபாஸ்டின் செத்தான்.”

“போடலன்னா நாளைலருந்து வேலைக்கு வராத,” என்றார் ஜெயசிங்.

“வரல சார்.”

ஜெயசிங் வேறு ஆளைத் தேடினார். கிளாட்வின் தன் வலையிலிருந்த மிதவைகளை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போனான். மணலில் புதைந்த குழாய்க்கு அடியில் கயிறு விட முடியாது. அவன் ஒன்பது இடத்தில் விட்டுக் கட்டி, மேலே மிதவை போட்டான். மூன்றாம் நாள் நாங்கள் லாஞ்சில் போனபோது, என் புள்ளிக்கோடு ஓடிய வழியெல்லாம் மிதவைகள் வரிசையாக நின்றன. சுற்றிலும் வள்ளங்கள், வள்ளம் நிறைய ஆட்கள்.

“கல்லுல கட்டியிருப்பான்,” என்றார் ஜெயசிங்.

“இழுத்துப் பாருங்க,” என்றான் கிளாட்வின்.

அவர் அசையவில்லை. நான் இழுத்தேன். கல்லென்றால் கொஞ்சமாவது மேலே வந்திருக்கும். லாஞ்ச்தான் கயிற்றுப் பக்கம் போனது. அடுத்த மிதவையிலும் அதே கதை.

“குழாய்தான் சார். நான் வரைஞ்சது தப்பு.” அத்தனை பேர் காதிலும் விழும்படியே சொன்னேன்.

ஜெயசிங்கின் முகம் செத்துப்போனது. “சரி, முழுசா எடுக்கணும்னு எழுதுதேன். மிதவைய அவுக்கச் சொல்லு. இவன் இனி நம்ம பக்கமே வரக்கூடாது.”

“வேலை போவட்டும் சார். எழுதுறத நம்பியெல்லாம் அவுக்க மாட்டேன். கடைசிக் குழாய் கரையேறுத அன்னைக்கு நானே வந்து அவுத்துக்கிடுதேன்.”

குழாய் முழுதும் கரையேற ஐந்து மாதம் ஆனது. அதுவரை மிதவையில்லாத வலையை வீட்டில் போட்டுவிட்டு, அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குப் போனான். ஒன்றைக்கூட அவிழ்க்கவில்லை.