ஜனாஸா குறூப்பில் விழுந்த கவி

முனவ்வறாவின் பயம் சாதாரணப் பயம் இல்லை, பொறுக்கியெடுத்த முதல்தரப் பயம். காஸ் அடுப்பைப் பற்றவைக்க மூன்று தரம் பிஸ்மி சொல்லுவாள். இடியப்பத்துக்கு மாக் குழைக்கும்போது பல்லி கத்தினால், அந்த மா ஏதோ குற்றம் செய்தமாதிரி அதை முறைத்துப் பார்ப்பாள். வயது நாற்பத்து மூன்று. சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் மெலிந்து போனது. கட்டினவன் பதினொரு வருசத்துக்கு முன்னம் கட்டாருக்குப் போனான். போனவன் போனவன்தான். அன்றிலிருந்து கல்முனையில் கூடப்பிறந்த மூத்தவர் அஷ்ரப் காக்காவின் வீட்டுக்குப் பின்னால், அவர் கட்டிக்கொடுத்த ஒற்றை அறையில் இருக்கிறாள்.

இந்தப் பயந்தாங்கொள்ளி, கலியாண வீட்டில் பொம்பிளைகளின் அறைக்குள் போனால் ஆளே வேறு. தானே கட்டின கவியை எடுத்துவிட்டாள் என்றால் மாப்பிள்ளையின் உம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், அடுத்த கவிக்கு அழுவாள். ஒரு தரம் அறைக்குள் கிடந்த மைக்கை யாரோ நிறுத்த மறந்ததில் அவள் குரல் பந்தல் வரைக்கும் போய்விட்டது. அஷ்ரப் காக்கா நாலு மாதம் அவளோடு கதைக்கவில்லை. ஐந்தாம் மாதம் கதைத்தது இவ்வளவுதான்: "இன்னொருக்கா உன்ட சத்தம் ஆம்பிளைகள்ட காதுல விழுந்தா, அறையப் பூட்டித் திறப்ப என்ட கையில தந்திட்டுப் போ."

எங்கே போவது? அதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சிவரூபினி வந்தாள். பாண்டிருப்புப் பிள்ளை. கலைஞர்களுக்குக் காசு கொடுத்து உதவும் ஒரு கொழும்புக் கலை நிதியத்துக்கு ஆள் தேடி ஊர் ஊராக அலைகிறாள்.

"அக்கா, போன வருசம் படிவம் பதினாலு பக்கம், எல்லாம் இங்கிலீசு. இந்தப் பக்கத்தில இருந்து ஒரு ஆளும் போடல்ல. இந்த முறை எழுதவே தேவல்ல. நீங்க கதைக்கிற மாதிரிக் கதைச்சு, ஒரு கவியும் பாடி, வாட்ஸ்அப்பில எனக்கு அனுப்பினாக் காணும். வியாழன் பின்னேரம் நாலு மணிதான் கடைசி."

"ஆரு கேப்பாங்க?"

"நாங்க மூணு பேர். மூணும் பொம்பிளையள்."

"காசு கிடைச்சா என்ன செய்யிற?"

"நீங்கதானே சொன்னீங்க, மாவடிப்பள்ளியில, சாய்ந்தமருதுல எல்லாம் கவி கட்டுற பொண்டுகள் இருக்காங்க எண்டு. அவங்களச் சேர்த்து வச்சுப் பாடலாம், பதியலாம். பேர் போடாமலும் பதியலாம்."

 இரண்டு நாள் இடியப்பம் உப்புக் கூடிப்போனது. படிவம் இங்கிலீசில் இருந்த காலம் எவ்வளவு நிம்மதி! தெரியாது என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். இப்போது சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை மத்தியான லுஹர் தொழுகையை மூன்று மணி மட்டும் இழுத்துத் தொழுதுவிட்டு யன்னலைச் சாத்தினாள். போனுக்குக் கண் இல்லை என்று தெரிந்தும் முக்காட்டைச் சரிபண்ணினாள். பதிகிற பொத்தானை அமத்திப் பேரைச் சொன்னாள், காலைச் சொன்னாள், இடியப்பம் விற்றுச் சீவிப்பதைச் சொன்னாள். பிறகு பாடினாள்:

கல்லாறு தாண்டிக் கடலேறிப் போன மச்சான்
சொல்லாமப் போனதுக்குச் சோறும் கசக்குதுகா
வெள்ளாப்பில் எழும்பி வாசல் பெருக்கையிலே
தள்ளாடி வந்த நிழல் என் நிழலாய்ப் போச்சுதுகா

இனி அனுப்ப வேண்டும். அந்தப் போன் அஷ்ரப் காக்காவின் பழைய போன், நம்பரும் அவருடையது. அதில் அவர் சேர்ந்திருந்த பள்ளிவாசல் ஜனாஸா அறிவித்தல் குறூப்பும் அப்படியே கிடந்தது. ஊரில் யார் மௌத்தானாலும், இறந்தவரின் பேர் அதில்தான் வரும். நானூற்றிப் பன்னிரண்டு பேர், அத்தனையும் ஆம்பிளைகள்.

பட்டியலில் மேலே சிவரூபினியின் மல்லிகைப்பூப் படம் இருந்தது. முனவ்வறா விரலை இறக்கினாள். விரல் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸா குறூப்புக்கு ஏதோ வந்து, அது மேலே பாய்ந்தது. பூ கீழே போனது. விரல் போகிற இடத்துக்கே போனது.

பள்ளிவாசல் படத்துக்குக் கீழே அவளுடைய குரல்.

 அழிக்கிற இடத்தை ஒருமாதிரித் தேடிப் பிடித்தாள். எல்லாருக்கும் அழிக்கவா, எனக்கு மட்டும் அழிக்கவா என்று போன் கேட்டது. அவசரத்தில் எனக்கு மட்டும் என்பதை அமத்தினாள். போனில் பதிந்து கிடந்ததும் சேர்ந்து குரல் மறைந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூச்சுவிட்டாள்.

அந்த மூச்சு முடியவில்லை, மௌத்துக்குச் சொல்லும் வார்த்தை குறூப்பில் விழத் தொடங்கியது: இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இன்னொன்று. ஏழு. இருபது. அந்தக் குறூப்பின் வழக்கம் அது. என்ன வந்தாலும் ஒருவனும் திறந்து பார்க்கமாட்டான், முதலில் இன்னாலில்லாஹி போடுவான், பிறகுதான் யார் என்று கேட்பான். ஒருவர் மௌத்தானவருக்குச் சுவர்க்கமும் கேட்டுவிட்டார்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தன் போனில் மட்டும்தான் அழிந்திருக்கிறது. நானூறு பேரின் சட்டைப்பைக்குள் அவள் மச்சானைத் தேடிக்கொண்டு இருக்கிறாள்.

போன் அடித்தது. ஆதம்பாவா. குறூப்பை நடத்துகிறவர் அவர்தான், கபுறுக் குழி வெட்ட ஆள் பிடிப்பவரும் அவர்தான்.

"அஷ்ரப், ஆரு மௌத்து? ஆம்பிளையா பொம்பிளையா? அளவு சொல்லணும்."

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

"ஹலோ! அழாதடா, சொல்லு."

"ஒருத்தரும் மௌத்தாகல்ல," என்றாள், தலையணைக்குள் கதைப்பதுபோல.

"ஆரு, முனவ்வறாவா? அப்ப என்னத்துக்குகா முப்பது பேர் இன்னாலில்லாஹி சொல்லிக் கிடக்கானுகள்?"

"பிழையாப் போயிட்டு. கேக்காம அழிச்சிடுங்க. அல்லாஹ்வுக்காக."

 "நமக்குக் காதும் சரியில்ல. சரி, அழிக்கன்," என்று வைத்துவிட்டார். அழித்தாரா, கேட்டுவிட்டு அழித்தாரா, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

மூன்றே முக்கால். கேற் இடிபடுகிற சத்தம். அஷ்ரப் காக்கா செருப்பில்லாமல் ஓடி வந்தார். முனவ்வறா கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய திறப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவர் திறப்பைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார், மெலிந்த காலைப் பார்த்தார், திரும்ப முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்தபடி பாயில் இருந்துவிட்டார்.

"என்ட பழைய நம்பர்ல இருந்து வந்திருக்கு. கீழ எல்லாரும் இன்னாலில்லாஹி. அந்தப் போன் உன்ட கையில. நான்..." சாரன் நுனியால் முகத்தைத் துடைத்தார். "ஆரோ உன்ட போன எடுத்து நீ மௌத்தெண்டு சொல்லியிருக்கான் எண்டு நினச்சன். திறந்து கேக்கப் பயமாக் கிடந்திச்சி. மறுகா பாத்தா அழிபட்டிருக்கு. என்னகா அது?"

காக்காவுக்கும் பயம் வரும் என்பதை முனவ்வறா இன்றைக்குத்தான் கண்டாள். இப்போது ஏதாவது பொய் சொல்லலாம், அவர் நம்புவார். ஆனால் நாலு மணிக்குப் பத்து நிமிசம். போனில் இருந்த கவியும் அழிந்துபோனது. திரும்பப் பாடுவதென்றால் இவர் இருக்கும்போதுதான் பாட வேண்டும்.

"என்ட கவி, காக்கா," என்றாள். "கொழும்புக்கு அனுப்பப் போய்ப் பிழைச்சிட்டு. திரும்ப அனுப்பப் போறன். திறப்பு இந்தா இருக்கு."

பாயின் ஓரத்தில் திறப்பை வைத்தாள். அவர் எடுக்கவும் இல்லை, எழும்பவும் இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் பேரையும் காலையும் சொன்னாள், மாவடிப்பள்ளி, சாய்ந்தமருதுப் பொண்டுகளைச் சேர்த்துப் பாடப்போவதையும் சொன்னாள், பிறகு பாடினாள். இந்த முறை குரல் நடுங்கியது. இரண்டாம் வரியில் மூச்சு உடைந்தது. சுவரைப் பார்த்திருந்த முதுகு ஒரு தரம் குலுங்கியது. அது கோபமா வேறேதாவதா என்று பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. திருத்திப் பாட நேரமும் இல்லை. பூப்படத்தைத் தொடமுன்னம் மூன்று தரம் பார்த்து, உடைந்தது உடைந்தபடியே அனுப்பினாள்.

காக்கா எழும்பிச் சாரனைத் தட்டினார். வாசலில் நின்று, அவளைப் பார்க்காமல் சொன்னார்:

"அந்தப் பொண்டுகள இஞ்ச கூப்பிடாத. மாவடிப்பள்ளியில வையுங்க. அங்க சுத்தி வயல்தான், எவனுக்கும் கேக்காது. ஓட்டோ நான் பிடிச்சுத் தாறன்."

சொல்லிவிட்டு வெறுங்காலோடு நடந்தார். அது சம்மதமா, இல்லை, ஊருக்குக் கேட்கக்கூடாதே என்ற அவருடைய பயமா என்று முனவ்வறாவுக்குப் பிடிபடவில்லை.  இனிமேல் என்ன பதில் வருமோ என்ற புதுப்பயம் ஒன்றும் பழைய பயத்துக்குப் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டது. நாலு மணிக்கு ஒரு நிமிசம் இருக்க, சிவரூபினி பார்த்துவிட்டாள் என்று காட்டும் நீலச் சரி அடையாளம் இரண்டும் விழுந்தன.