ஆயிரத்துக்கும் மில்லியனுக்கும் நடுவே

1995 ஆகஸ்ட், ஒரு புதன்கிழமை. காலை ஆறே காலுக்குப் புதுச்சேரியில் பஸ் ஏறினேன். கடலூரில் மாறி, அங்கிருந்து வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலத்துக்கு அறுபது கிலோமீட்டர் சொச்சம். முந்திரித் தோப்புகள் முடிந்ததும் வெயில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தது.

பிரெஞ்சுக் கடிதங்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. ஒரே இடத்தில் கால் தங்காது என்பதால், கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போய்விடுவேன். விருத்தாசலத்தில் கூப்பிட்டவர் செல்வராசு. பீங்கான் தொழிற்பேட்டையில் சின்ன யூனிட் வைத்திருப்பவர். ஹீட்டர் கம்பியில் கோர்க்கும் பீங்கான் மணிகள் கேட்டு பிரான்சிலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது. அவருடைய முதல் வெளிநாட்டு ஆர்டர். இரண்டு மாதத்துக்கு முன் அதை நான்தான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, தட்டச்சு செய்து அவருக்கு அனுப்பினேன். இப்போது சரக்கு ரெடி. பிரெஞ்சில் பதில் எழுதித் தர வேண்டும்.

9.50. பஸ் ஸ்டாண்டில் டீ ஒன்றரை ரூபாய். பேட்டைக்குள் நடந்தால் வழியெங்கும் உடைந்த பீங்கான் சில்லு. செருப்புக்கடியில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல் சத்தம். செல்வராசு வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே அட்டைப்பெட்டிகள் சுவர்போல் அடுக்கியிருந்தன. பெட்டிக்கு ஆயிரம் மணி. கடிதத்தில் கணக்குச் சரியாக இருக்கட்டும் என்று அஞ்சலை என் கண்ணெதிரே பெட்டிகளை எண்ணினார். மணி செய்யும் பன்னிரண்டு பெண்களுக்கும் அவர்தான் மேஸ்திரி.

ஒன்று என்பதற்குப் பதில், நெல் அளப்பவர்களைப் போல லாபம் என்று தொடங்கினார். லாபம், ரெண்டு, மூணு... நூறில் நிறுத்தி முந்தானையால் முகம் துடைத்தார்.

"மீதி எந்த ரூமுல இருக்குது?" என்று கேட்டேன்.

"மீதி ஏது சார்? ஒரு லட்சம். அவ்ளோதான்."

செல்வராசு என் தட்டச்சுத் தாளை எடுத்து நீட்டினார். 1,000,000. மூன்று மூன்று சைபராகக் கமா போட்டது நான். நம் கண்ணுக்கு ஒன்றுக்குப் பின்னால் இரண்டு கமா வந்தால் லட்சம். அதற்குமேல் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்கள் கேட்டது ஒரு மில்லியன். பத்து லட்சம்.

செல்வராசு விரலால் சைபர்களைத் தொட்டு எண்ணினார். ஆறு. இன்னொரு தரம் எண்ணினார். ஆறுதான்.

"எங்க மொதலாளி கமாவத்தான் எண்ணுவாரு, சைபர எண்ண மாட்டாரு," என்றார் அஞ்சலை. தப்பில் பாதி என்னுடையது என்றேன்.

இந்த சைஸ் மணி உள்ளூரில் எந்த ஹீட்டருக்கும் சேராது. பிரான்ஸ்காரர் வேண்டாம் என்றால் நூறு பெட்டியும் வாசலில் கிடக்கும் சில்லோடு சேர்ந்துவிடும். பொதுச் சூளையில் இவர்கள் முறை வாரத்துக்கு ஒரு நாள்தான். மீதி ஒன்பது லட்சத்துக்கு எத்தனை வாரம் என்று செல்வராசு கேட்கவே இல்லை.

கடிதம் போய்ச் சேரும்வரை பொறுக்க முடியாது. இரண்டு மணிக்கு, அங்கே காலை பத்தரை ஆகியிருக்கும் என்று பார்த்து, ஸ்டேஷன் ரோட்டில் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் அஞ்சலையோடு சேர்த்து மூன்று பேர், ஒரே வேர்வை.

தயாராக இருப்பது எவ்வளவு என்று பிரான்ஸ்காரர் கேட்டார். லட்சத்துக்கு பிரெஞ்சில் தனிப் பெயர் கிடையாது. நூறு ஆயிரம் என்றேன். கேட்கும்போதே சின்னதாகப் போய்விட்டது. மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். பிறகு அவர் பேசியதை இவர்களுக்குத் தமிழில் சொன்னேன்: அந்த நூறு ஆயிரத்தை அனுப்பட்டும், மணியைப் பார்த்துவிட்டுத்தான் மீதியைப் பற்றிப் பேச்சு.

திரும்பி நடந்து யூனிட் வாசலுக்கு வந்தோம். அஞ்சலை, "நாளைக்கு மண்ணு ஊற வெக்கலாமா, வாணாமாங்க?" என்றார்.

செல்வராசு நின்றார். சாக்குப் போட்டு மூடிய மண்தொட்டியைப் பார்த்தார். "வெய்யி. அடுத்த லட்சத்துக்கு."

4.20 கடலூர் பஸ். ஜன்னலோரம் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் ஆயிரத்திலிருந்து மில்லியனுக்கு ஒரே தாவலாகத் தாவுகிறார். நமக்கு நடுவில் லட்சம் என்று கால் ஊன்ற ஒரு படி இருக்கிறது. அதில் நின்றுதான் இன்று எல்லோரும் தடுமாறினோம். ஆனால், அஞ்சலை நாளை மண் ஊற வைக்கப்போவதும் அதே படியில் நின்றுதான். பத்து லட்சம் என்றால் அவருக்கு லாபத்திலிருந்து நூறுவரை, இன்னும் ஒன்பது தடவை எண்ணுவதுதான்.