ஏழாம் போத்தலில் மூன்று நிறம்

அன்று காலை ஏழாம் போத்தலைத் திறந்தேன். உள்ளே இருந்த அந்துப்பூச்சிகளில் சில சாம்பல், சில மண்ணிறம், இரண்டு நல்ல கறுப்பு.

1986 வசந்தம். ரொறன்ரோவில் காட்டுப்பூச்சிகளை ஆராயும் ஒரு லாப்பில் எனக்கு ஒரு வருடக் கொன்ட்ராக்ட். ஒரு போத்தலுக்கு ஒரே தாயின் முட்டைகள்தான். அது அங்கே சட்டம். முந்தின கோடையில் நாள்தோறும் ஹெம்லொக் என்ற ஊசியிலை மரத்தின் கிளை வெட்டிப்போட்டு அந்தப் புழுக்களை வளர்த்தவன் நான். ஒரு தாயின் பிள்ளைகள் ஒரே நிறத்தில்தான் இருக்கும், கிளை மாற்றும்போது எங்கேயோ கலந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

போத்தல் கழுவும் யோகன் அண்ணை எட்டிப் பார்த்தார்.

"என்னடாப்பா, கலியாண வீடோ? ஆளுக்கொரு கலரில உடுத்துக்கொண்டு நிக்கினம்."

"பகிடி விடாதேங்கோ அண்ணை. நான் கலந்துபோட்டன்."

"அப்ப பொத்திக்கொண்டிரு. ரெண்டு கிழமையில கொன்ட்ராக்ட் முடியுதெல்லே?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்தவன் பிழைவிடமாட்டான் என்று ஐயா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எட்டாம் போத்தலில் அதுவரை கூட்டை விட்டு வந்தவை மண்ணிறம். ஒன்பதில் வந்த ஒன்றிரண்டும் கறுப்பு. ஏழில் இருந்த மண்ணிறத்தை எட்டிலும் கறுப்பை ஒன்பதிலும் சேர்த்துவிட்டேன். பார்க்க ஒழுங்காக இருந்தது. ஆனால் அது பொய் ஒழுங்கு என்று மத்தியானம் வரை உறுத்தியது. மேலதிகாரி ஹெலனிடம் போய்ச் சொன்னேன்.

"ஏன் மாற்றினாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கலந்தது என் பிழை. திருத்தினேன்."

"நீ கலக்கவில்லை. ஒரு தாயின் பிள்ளைகளே இந்த இனத்தில் இப்படிப் பல நிறத்தில் வரும். எத்தனை எந்த நிறம் என்று பார்க்கத்தானே வளர்த்தோம்?"

பதிவுக் கொப்பியில் ஏழு, எட்டு, ஒன்பது மூன்றையும் குறுக்கே வெட்டினார். எது எந்தத் தாயின் பிள்ளை என்று இனிப் பிரிக்க முடியாது. மூன்று போத்தல், ஒரு வருட உழைப்பு.

"சொன்னனெல்லே, வாயைத் திறக்காதை எண்டு," என்ற யோகன் அண்ணை, கேட்காமலே ஒரு கோப்பி கொண்டுவந்து வைத்தார்.

பின்னேரம் ஹெலன் பத்தாம் போத்தலை என் மேசையில் வைத்தார். "நீ சொல்லாவிட்டால் அந்தப் பிழைக் கணக்கை நம்பியிருப்பேன். புதுக் கொன்ட்ராக்டை ரைப் பண்ணக் கொடுத்திருக்கிறேன். இதில் வருவதை அப்படியே எழுது."

முதலில் வந்தது கறுப்பு. அடுத்தது சாம்பல். அப்படியே எழுதினேன்.

லாப்புக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு: கண்டது பிழையாகத் தெரிந்தால் கையை வைக்காதீர்கள். முதலில் எழுதுங்கள், பிறகு கேளுங்கள்.