மாவிலைத் தண்ணீரும் கொரியாவுக்கு ஒரு கடிதமும்

அப்பாவின் நினைவு மலருக்காகத் தேடியபோது, 12.7.1997 என்று தேதியிட்ட கார்பன் பிரதி ஒன்று அவர்களுடைய இரும்பு அலமாரியில் கிடைத்தது. கொரியாவில் வெல்டிங் கம்பி தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. நடுப்பத்தியைத் தமிழில் தருகிறேன்: “உங்கள் கம்பி கடலில் துருப்பிடிக்கவில்லை. எங்கள் வழக்கப்படி பூசை செய்தபோது நான் தெளித்த தண்ணீரால் துருப்பிடித்தது. நீங்கள் மாற்றி அனுப்பிய சரக்குக்கு நான் உரியவன் அல்லன்.”

அப்பா பிறந்தது 1934 ஐப்பசியில், சேரன்மகாதேவியில். பள்ளி இறுதி வகுப்பில் தகப்பனாரை இழந்தார்கள். பதினெட்டு ஆண்டுகள் பிறர் கடையில் நின்று, 1970இல் வண்ணார்பேட்டையில் சொந்தக் கடை வைத்தார்கள். வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைகள் எழத் தொடங்கியபோது பட்டறைகள் செம்பு முலாம் பூசிய கம்பியைக் கேட்டன. இறக்குமதிக் கெடுபிடி தளர்ந்திருந்த காலம். அப்பா கொரியாவுக்கு எழுதி வரவழைத்தார்கள்.

முதல் சரக்கு தூத்துக்குடியில் இறங்கி, 1996 நவம்பரில் கடைக்கு வந்தது. பெட்டிகளுக்கு மாலை போட்டு, மேல் வரிசைப் பெட்டிகளைத் திறந்துவைத்துச் சந்தனம் குங்குமம் இட்டோம். குறுக்குத்துறையிலிருந்து கொண்டுவந்த ஆற்றுத் தண்ணீரை மாவிலையால் கம்பிச் சுருள்கள்மேல் தெளித்தது அம்மா. நான் பக்கத்தில் நின்றேன். பிறகு பெட்டிகளை மூடிச் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் அடுக்கினோம்.

1997 பிப்ரவரியில் திறந்தால் துரு. துருப்பிடித்த கம்பியால் பற்றவைத்தால் பற்று நிற்காது. கடற்காற்றுதான் காரணம் என்று அப்பா கொரியாவுக்கு எழுதினார்கள். அவர்கள் மறுகேள்வி கேட்காமல் துருப்பிடித்த அத்தனைக்கும் மாற்றுச் சரக்கு அனுப்பிவிட்டார்கள்.

சூன் மாதம் மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் காதர் பாய் கடைக்கு வந்தார். ஒதுக்கிவைத்திருந்த பழைய பெட்டிகளைத் திறந்து பார்த்து, ஒரு சுருளைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

“அண்ணாச்சி, கப்பல்ல வந்த துருன்னா எல்லாப் பெட்டியிலயும்லா இருக்கணும். இது மேல்வரிசையில மட்டும், அதுவும் புள்ளி புள்ளியா இருக்கே. பன்னீர் தெளிச்சு வரவேத்தியளோ?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. அதன்பின் கடையில் எந்தச் சரக்குக்கும் பூசை நடக்கவில்லை. ஏன் என்று அம்மா கேட்டதற்கு, இடம் இல்லை என்று மட்டும் பதில் வந்ததாம்.

இந்தப் பிப்ரவரியில், காலமாவதற்கு முந்தைய வாரத்தில், நினைவு தடுமாறிய நிலையில் அப்பா என்னிடம் இரண்டு முறை கேட்டார்கள்: “லே, கொரியாக்காரன் பதில் போட்டானா?” எந்தக் கடிதத்துக்கு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. வரும் என்று சொல்லிவைத்தேன்.

பிரதி கிடைத்ததும் அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ‘நான் தெளித்த’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள்.

“தெளிச்சது நாந்தான்லா? அதைப் போயி தாந்தான்னு எழுதியிருக்காவளே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.” பிறகு, “எழுதினா அனுப்பாம இருக்க மாட்டாவ,” என்றார்கள்.

நானும் அப்படித்தான் நினைக்க விரும்புகிறேன். ஆனால் அப்பா எல்லா அஞ்சல் ரசீதுகளையும் தேதிவாரியாகக் கோத்துவைப்பவர்கள். 1997 சூலையில் கொரியாவுக்கு ஒரு ரசீதும் இல்லை. பதிலும் கோப்பில் இல்லை.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தம் வேனில் கொண்டுசென்ற காதர் பாய்க்கும், முறைவைத்து உடனிருந்த உறவினர்களுக்கும், பதினாறு நாளும் வீட்டை நிறைத்திருந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் குறித்துவிடுகிறேன். 1997 அக்டோபரில் கொரியாவிலிருந்து வந்த சரக்கில், ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் நனையக்கூடாது என்பதற்கு அடையாளமாக ஒரு குடைப் படம் அச்சாகியிருந்தது. அது அப்பாவுக்கு வந்த பதிலா, அல்லது முதல் சரக்கிலேயே இருந்ததா? பூசையன்று எடுத்த புகைப்படத்தை உருப்பெருக்கியால் பார்த்தேன். அந்த இடத்தை மாலை மறைத்திருக்கிறது. இதை எழுதும் வரை உறுதிசெய்ய முடியவில்லை.